சம்பந்தியம்மா பார்க்காத திமிங்கிலம்

எனக்கு வாய் நீளம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். மலைமேல் இருக்கும் எங்கள் ஊரான கோலா தெர்லாவில் என் பூத்தோட்டத்து வேலியை ஒரு லாரி லேசாக உரசினால் போதும், டிரைவர் கீழே இறங்குவதற்குள் நான் நான்கு வார்த்தை சொல்லி முடித்திருப்பேன். தேயிலை நிரைக்குள் இறங்கிச் செடியை மிதித்துக்கொண்டு படம் எடுக்கும் சுற்றுலாக்காரர்களை ஒருநாளும் விட்டதில்லை. வேனை ஓரமாக நிறுத்திவிட்டுக் கத்துவேன். அப்படிப்பட்ட வாய், திறக்க வேண்டிய ஒரே ஒரு நாளில் திறக்கவில்லை. அதை எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது.

என் மகள் பெர்த்தில் நர்ஸ். மாப்பிள்ளைக்கும் அங்கேயே வேலை. போன வருடம் ஜூலையில் இரண்டு அம்மாக்களையும் ஒன்றாக அங்கே வரவழைத்தார்கள். இரண்டாவது அம்மா என்றால் மாப்பிள்ளையின் தாயார், என் சம்பந்தியம்மா. ஈப்போக்காரர். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். என்னைப் போலவே கணவரை இழந்தவர். ஆனால் என்னைப் போல் கத்துகிறவர் அல்ல. எந்த இடத்துக்குப் போனாலும் அங்கே இருக்கும் அறிவிப்புப் பலகையை முதலில் நின்று படிப்பார். படித்து முடித்ததை எங்களுக்கும் உரக்கச் சொல்வார். "இங்க சாப்பிடக் கூடாதாம்", "இங்க செருப்போட போகக் கூடாதாம்" என்று. எனக்கு எரிச்சலாக வரும்.

எரிச்சலுக்கு வேறு காரணமும் இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று இந்த அம்மா என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "நீங்க எஸ்டேட்லதானே பொறந்து வளர்ந்தீங்க? ஆனா பொண்ணு ரொம்ப டீசண்டா இருக்கா" என்றார். அந்த 'ஆனா'வை நான் ஆறு வருடமாக நெஞ்சில் வைத்திருந்தேன். அதோடு விட்டாரா? "என்ன வேலை செஞ்சீங்க, கொழுந்து எடுத்தீங்களா?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை.

"இல்லங்க, நான் ஆபீஸ்ல இருந்தேன். கணக்கு எழுதற கிராணியாருக்கு ஒத்தாசையா, காலையில பெரட்டுக்கு வந்து வரிசையா நிக்கிற ஆளுங்க பேரெல்லாம் எழுதுவேன்" என்றேன்.

முழுப் பொய். பதினாறு வயதிலிருந்து கல்யாணம் வரைக்கும் எட்டு வருடம் நான் கொழுந்துதான் எடுத்தேன். தலையில் கயிறு மாட்டி, முதுகில் கூடை தொங்க, மழையில் பிளாஸ்டிக் தாளைப் பாவாடையாகக் கட்டிக்கொண்டு, கங்காணியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு எடுத்தேன். அதே பொய்யைத்தான் என் மகளுக்கும் சின்ன வயதில் சொல்லி வைத்திருந்தேன். பள்ளியில் யாராவது கேட்டால் அவளுக்குத் தலைகுனிவு வரக் கூடாது என்று நினைத்தேன். அவளும் நம்பித்தான் வளர்ந்தாள்.

பெர்த்திலிருந்து வடக்கே இரண்டு நாள் காரில் போனோம். சாலை திரும்பவே திரும்பாது. மலைச் சாலையில் வளைவு வளைவாக ஏறி இறங்கியே பழகிய எனக்கு, திரும்பாத சாலையில் தலை சுற்றியது. இரண்டு பக்கமும் சிவப்பு மண், முட்புல், வெயில். மழையிலேயே நனைந்து மழையிலேயே காய்ந்த ஊரிலிருந்து வந்தவள் நான். இத்தனை காய்ந்த பூமியை முன்னே பின்னே பார்த்ததில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு மேட்டில் கார் ஏறியதும் எதிரே கடல் வந்தது. பாலைவனம் அப்படியே நடந்து வந்து கடலில் காலை வைத்தது மாதிரி. தென்னை இல்லை, கடை இல்லை, ஒரு மனிதன் இல்லை. வெள்ளை மணல், அதற்கப்புறம் நீலம். நான் வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். சம்பந்தியம்மா அழுதேவிட்டார்.

அவருக்கு அங்கே ஒரே ஒரு ஆசைதான். திமிங்கிலம். முப்பது வருடம் கரும்பலகையில் திமிங்கிலம் வரைந்து, அது மீன் இல்லை, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஒரு முறைகூட நேரில் கண்டதில்லை. ஜூலை மாதத்தில் அந்தக் கரையை ஒட்டி அவை கூட்டமாகப் போகும் என்று தெரிந்துதான் மாப்பிள்ளை அந்த நேரம் பார்த்து வரவழைத்திருந்தார். "எனக்கு நீச்சல் வேணாம், மணல் சறுக்கு வேணாம். அதோட முதுக மட்டும் பார்த்துட்டாப் போதும்" என்று வழிநெடுக சொல்லிக்கொண்டு வந்தார்.

முதல் நாள் பிள்ளைகள் இரண்டு பேரும் முகமூடி போட்டுக்கொண்டு பவளப்பாறை பார்க்கத் தண்ணீரில் இறங்கினார்கள். நாங்கள் இரண்டு கிழவிகளும் முட்டளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தோம். சம்பந்தியம்மா தன் வெயில் களிம்பை எடுத்து என் முகத்தில் அவரே தேய்த்துவிட்டார். "கண்ண மூடுங்க சம்பந்தி, எரியும்" என்றார். என் அம்மா போன பிறகு என் முகத்தை யாரும் அப்படித் தொட்டதில்லை. ஆறு வருடத்துக் கோபம் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் கரைந்தது என்றுதான் சொல்ல வேண்டும். முழுக்கக் கரைந்திருந்தால் மறுநாள் அப்படி நடந்திருக்க மாட்டேன்.

மறுநாள் ஒரு முழுநாள் பயணத்துக்கு ஏற்பாடு. காலையில் மணல்மேடுகளின் ஊடே நடை, மத்தியானம் படகில் திமிங்கிலம். எங்களோடு ஐந்தாறு வெள்ளைக்காரர்கள், எல்லாம் வயதானவர்கள். வழிகாட்டி ஓர் இளம்பெண். காக்கித் தொப்பி, வெயிலில் உரிந்த மூக்கு. நடக்கத் தொடங்கும் முன் அவள் எல்லோரையும் நிறுத்திச் சொன்னாள். பாதையை விட்டு இறங்க வேண்டாம், செடிகளைத் தொட வேண்டாம். மணலைப் பிடித்து வைத்திருப்பது இந்தச் செடிகள்தான். முன்பு வண்டிகள் ஏறி நாசமான இடம் இது. ஊர்க்காரர்கள் கையால் நட்டு வளர்க்கிறார்கள். நல்ல துளிர் விட்டிருப்பது இந்த வருடம்தான். சம்பந்தியம்மா இதை எனக்குத் தமிழில் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியாதா என்று உள்ளே ஒரு சின்னக் கடுப்பு.

பாதை குறுகல். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். வழிகாட்டி முன்னால், நடுவில் மற்றவர்கள், கடைசிக்கு முன்னால் நான், கடைசியாக சம்பந்தியம்மா. ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, மறு முழங்கையில் வாய் திறந்த ஒரு பெரிய கோரைப் பையை முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு, கால் இடறாமல் இருக்கத் தரையையே பார்த்து நடந்து வந்தார்.

பாதையின் இரு பக்கமும் சாம்பல் பச்சையில் செடிகள். உப்புக் காற்று அவற்றை வளரவிடாமல் அடித்து அடித்து, எல்லாவற்றின் தலையும் ஒரே மட்டமாக, என் இடுப்பளவில் நின்றது. கவ்வாத்து வெட்டி வளர்ந்த தேயிலை போலவே இருந்தது. மேலே இளந்துளிர்கள். காற்று சில்லென்று அடித்தது. நான் ஏதோ வீட்டு நினைப்பில் நடந்தேன். தோட்டத்தில் விட்டுவந்த செவ்வந்திக்கு ஆள் ஒழுங்காகத் தண்ணீர் காட்டுகிறானா என்று யோசித்துக்கொண்டே போனேன். நல்ல நடை என்றுகூட நினைத்தேன்.

மேட்டின் உச்சியில் பலகை இருக்கைகள். எல்லோரும் உட்கார்ந்தோம். சம்பந்தியம்மாவுக்குத் தாராளக் கை. தெரியாத வெள்ளைக்காரர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று ஈப்போவிலிருந்து முறுக்கு கொண்டுவந்திருந்தார். முதலில் வழிகாட்டிப் பெண்ணைத்தான் கூப்பிட்டு டப்பாவைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். டப்பாவின் மூடியோடு ஒட்டிக்கொண்டு நாலைந்து துளிர்கள் வெளியே வந்து விழுந்தன.

அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். பிறகு அனுமதி கேட்டுப் பைக்குள் பார்த்தாள். துண்டின் மேல், தண்ணீர்ப் புட்டியின் இடுக்கில், கண்ணாடிக் கூட்டின் மேல், எல்லா இடத்திலும் துளிர்கள். ஒவ்வொன்றும் ஒரே அளவு. இரண்டு இலை, ஒரு மொட்டு.

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. வலது கைக் கட்டைவிரலைப் பார்த்தேன். நகத்தின் அடியில் பச்சைக் கோடு. கொழுந்து எடுத்தவர்களுக்குத்தான் இது புரியும். கிள்ளுவது என் பூத்தோட்டத்திலும் உண்டு. ஆனால் கிள்ளியதைக் கீழே போட்டுவிடுவோம். தேயிலையில் மட்டும்தான் கை நிறைந்ததும் தோளுக்கு மேலே பின்னால் வீசுவோம், முதுகில் கூடை இருக்கிறது என்ற தைரியத்தில். முப்பது வருடம் கழித்து, கடல் தாண்டி வந்த இடத்தில், என் கை என்னைக் கேட்காமலே நிரை பிடித்துக் கொழுந்து எடுத்திருக்கிறது. முதுகில் கூடை இல்லை. பின்னால் சம்பந்தியம்மாவின் பை இருந்தது.

நான் கையை ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டேன். முதல் காரியமாக அதைத்தான் செய்தேன்.

வழிகாட்டி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் திருப்பிப் போட்டிருப்பேன், எல்லாம் வெளியே வந்திருக்கும். அவள் மெதுவாக, வருத்தமாகத்தான் கேட்டாள், ஏன் பறித்தீர்கள் என்று. சம்பந்தியம்மா நிமிர்ந்து, தெளிவான இங்கிலீஷில், நான் பறிக்கவில்லை என்றார். எல்லோர் கண்ணும் பையைப் பார்த்தது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி கையில் வாங்கிய முறுக்கை மறுபடி டப்பாவில் வைத்தாள்.

"அம்மா, பறிச்சிட்டீங்கன்னா பறிச்சிட்டேன்னு சொல்லிடுங்கலா. அதிலென்ன?" என்றார் மாப்பிள்ளை, தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இல்லடா, நான் தொடவே இல்ல."

"பைக்குள்ள இருக்கேம்மா. தானா பறந்து வந்துச்சா? எல்லாரும் பாக்கறாங்க. சாரி சொல்லுங்க, முடிஞ்சிடும்."

சம்பந்தியம்மா பையைப் பார்த்தார். தன் இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு அந்தச் சின்னப் பெண்ணிடம் சாரி சொன்னார். பலகை பலகையாக நின்று படித்து எங்களுக்குச் சொன்ன அந்த அம்மா, எல்லோர் முன்னாலும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

நான் என்ன செய்தேன்? பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை போதும். "நான்தான்" என்றால் தீர்ந்தது. சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, எப்படி என்று வரும். எப்படி என்றால் கூடை வரும், கூடை வந்தால் எட்டு வருடம் வரும், ஆபீசில் பேர் எழுதிய கதை பல்லிளிக்கும். மகள் முகத்தைப் பார்த்தேன், வாய் வரவில்லை. இதையெல்லாம் காரணமாகச் சொல்லலாம். ஆனால் உண்மையில் ஒரு ஓரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த அம்மாவும் ஒருநாள் தலை குனியட்டுமே என்று இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இதை எழுதுவதிலேயே அர்த்தம் இல்லை.

மத்தியானம் படகுத்துறையில் சம்பந்தியம்மா வேனை விட்டு இறங்கவில்லை. தலைவலி என்றார். மகன் கெஞ்சினார், என் மகள் கெஞ்சினாள். "நீங்க போய்ட்டு வாங்க, எனக்கு அவ்வளவா இஷ்டமில்ல" என்றார். இரண்டு நாளாக அதையே பேசிக்கொண்டு வந்தவர். அந்த வெள்ளைக்காரர்களோடு ஒரே படகில் உட்கார அவரால் முடியவில்லை என்பது எனக்கு மட்டும்தான் புரிந்தது. கூட உட்காருகிறேன் என்று சொல்லவும் எனக்குப் பயம். தனியாக இருந்தால் உளறிவிடுவேன் என்று படகில் ஏறிவிட்டேன்.

திமிங்கிலம் வந்தது. ஒன்றில்லை, தாயும் குட்டியுமாக. கறுத்த முதுகு ஒன்று தண்ணீரைப் பிளந்து எழுந்து, மூச்சு விட்டு, எங்கள் வீட்டுக் கூரை அளவு வாலைத் தூக்கிக் காட்டிவிட்டு இறங்கியது. குட்டி அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டே போனது. படகே கூச்சல் போட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. "அம்மா எமோஷனல் ஆயிட்டாங்க" என்று மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். வழிகாட்டிப் பெண்ணும் வந்து என் தோளைத் தட்டினாள். இயற்கையை இவ்வளவு நேசிக்கிறவர்களைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது என்றாள். என் கை இன்னும் ஸ்வெட்டர் பைக்குள்தான் இருந்தது.

கரைக்கு வந்ததும் மாப்பிள்ளை தன் அம்மாவிடம் கைப்பேசியில் எடுத்த வீடியோவைக் காட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்குடா" என்றார்.

அன்று சாயங்காலம் நாங்கள் தங்கிய இடத்தில் பிள்ளைகள் சாப்பாடு வாங்கப் போயிருந்தார்கள். சம்பந்தியம்மா அந்தக் கோரைப் பையைத் தலைகீழாகக் கொட்டி, ஒவ்வொரு பொருளாகத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு கோப்பை மைலோ கலக்கினேன். இப்போது சொல்லிவிடலாம் என்று தயாராகித்தான் கலக்கினேன். கோப்பையை வாங்கும்போது அவரே கேட்டார்.

"சம்பந்தி, நீங்க எனக்கு முன்னாடிதானே நடந்தீங்க. எப்பவாச்சும் திரும்பிப் பார்த்தீங்களா? நான் பறிச்சத நீங்க பார்த்தீங்களா?"

அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது, என் வாயைப் பிடுங்குகிறார் என்று நினைத்தேன். கோபமும் வந்தது, குற்றம் செய்தவளுக்கு வரும் கோபம்.

"நான் பார்க்கலையே. நான் பாட்டுக்கு நடந்தேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு மைலோவைக் குடித்தார். மறுபடி கேட்கவில்லை.

ஊர் திரும்பினோம். மாப்பிள்ளைக்கு இது ஒரு வேடிக்கையாகிவிட்டது. நாலு பேரும் வீடியோ அழைப்பில் சேரும்போதெல்லாம், "அம்மா, பக்கத்து வீட்டு ரோஜாவெல்லாம் பத்திரமா இருக்கா?" என்பார். என் மகளும் சேர்ந்து சிரிப்பாள். பாசமான கேலிதான். சம்பந்தியம்மாவும் சிரித்துவைப்பார். நான் பூ வெட்ட வேண்டும் என்று சொல்லி அழைப்பை வைத்துவிடுவேன்.

இந்த வருடம் மார்ச்சில் ஒருநாள் அவரிடமிருந்து போன். "ரெண்டு நாள் உங்க மலைக்கு வரட்டுமா?" என்றார். எப்போதும் சிம்பாங் பூலாய் வழியாகத் தானே காடி ஓட்டிக்கொண்டு வருகிறவர், இந்த முறை பஸ்ஸில் வந்தார். பிரிஞ்சாங் பஸ் நிறுத்தத்துக்குப் போய் என் வேனில் ஏற்றிக்கொண்டேன். இளைத்திருந்தார்.

"காடி என்னாச்சு சம்பந்தியம்மா, வொர்க்ஷாப்பா?"

"வீட்லதான் நிக்குது. ஓட்டறத விட்டுட்டேன்."

தேயிலை பார்க்க வேண்டும் என்று கேட்டார். தோட்டத்துச் சாலையில் ஒரு வளைவில் மர பெஞ்சு போட்ட இடம் ஒன்று உண்டு. அங்கே நிறுத்தினேன். கீழே சரிவில் நேப்பாளப் பையன்கள் இரண்டு பேராக இயந்திரத்தைப் பிடித்துக் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். சத்தம் மேலே வரை கேட்டது. ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அவர் கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். பக்கம் பக்கமாக அவருடைய அழகான கையெழுத்து. 'கேஸ் மூடினேன்.' 'மாத்திரை சாப்பிட்டேன்.' 'வாசல் பூட்டினேன். திரும்பப் போய்ப் பார்த்தேன். பூட்டியிருந்தது.'

"இது என்னங்க?"

"யார்கிட்டயும் சொல்லல சம்பந்தி. மகன்கிட்டகூட. உங்ககிட்ட சொல்லணும்னுதான் வந்தேன்" என்றார். "எங்கம்மாவுக்குக் கடைசில மறதி வந்துச்சு. என் பேரே தெரியல அவங்களுக்கு. எனக்கும் ஆரம்பிச்சிருச்சுன்னு நினைக்கிறேன். அந்தக் கடற்கரையில நான் அத்தனை செடியைப் பறிச்சிருக்கேன், எனக்கு ஒன்னுகூட ஞாபகம் இல்ல. ஒன்னுகூட. அன்னைக்கு உங்ககிட்ட கேட்டேன் பாருங்க, நான் பறிச்சதப் பார்த்தீங்களான்னு. யாராச்சும் பார்த்திருந்தா நல்லா இருக்குமேன்னுதான் கேட்டேன். அதுலேருந்து பயமாவே இருக்கு. காடிய எடுத்தா எங்கயாவது இடிச்சிருவேனோன்னு பயம்."

எட்டு மாதம். எட்டு மாதமாக இந்த அம்மா தன் வீட்டு வாசல் பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"நான்தாங்க" என்றேன்.

"என்னது?"

"நான்தான் பறிச்சேன். நீங்க இல்ல. எனக்கே தெரியாம கை போயிருச்சு. கிள்ளிக் கிள்ளித் தோள் மேல வீசியிருக்கேன், கூடையில போடற மாதிரி. நீங்க பின்னாடி வந்தீங்க. உங்க பைக்குள்ள விழுந்திருச்சு. நான் எட்டு வருஷம் கொழுந்து எடுத்தவங்க. ஆபீஸ்ல இருந்தேன்னு சொன்னது பொய்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அப்ப எனக்கு ஒன்னுமில்லையா?" என்றார். "என் புத்தி நல்லாத்தான் இருக்கா?"

"நல்லா இருக்குங்க. என்னைவிட நல்லா இருக்கு."

அந்த மனுஷி சிரித்தார், அழுதார், பிறகு கப்பில் இருந்த ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்தார். என் மேல் ஒரு துளி கோபம் இல்லை. அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிறகு என் கையை மறுபடி பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு? அங்கயே?"

இல்லை என்று சொல்லிவிடலாம். இப்போதுதான் யோசித்துப் பார்த்தேன் என்று சொன்னால் நம்பிவிடுவார். நாக்கு நுனி வரை வந்தது.

"தெரியும்" என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். கீழே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "அவன்கிட்ட சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க" என்றார்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, சம்பந்தியம்மாவும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன். அந்தத் துளிர்களைப் பறித்தது நான்தான் என்று சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு.

"அத்தை, அம்மா அங்கதான் இருக்காங்களா? மனசு கஷ்டப்படறாங்கன்னு நீங்க பழியை உங்க மேல போட்டுக்கிறீங்க. எனக்குத் தெரியாதா?"

"இல்ல மாப்பிள்ளை, சத்தியமா நான்தான்."

"நீங்க முன்னாடி நடந்தீங்க அத்தை. பின்னாடி இருந்தவங்க பைக்குள்ள எப்படிப் போகும்?"

"தோள் மேல வீசுவோம் மாப்பிள்ளை. கொழுந்து எடுக்கிறப்போ…"

"நீங்க எங்க அத்தை கொழுந்து எடுத்தீங்க? ஆபீஸ்ல இல்ல வேலை செஞ்சீங்க? இருங்க, உங்க பொண்ணுகிட்டயே கேக்கறேன்." அவர் கேட்பதும், என் மகள் தூரத்திலிருந்து, "அம்மாவா? அம்மா ஒரு நாள்கூட கொழுந்து எடுத்ததில்லலா" என்று சொல்வதும் எங்கள் இரண்டு பேருக்கும் தெளிவாகக் கேட்டது. "ரொம்பத் தேங்க்ஸ் அத்தை. அம்மாவப் பாத்துக்கங்க. நான் இனிமே கிண்டல் பண்ணல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சம்பந்தியம்மா என் முகத்தையே பார்த்தார். சற்று முன் அதில் வந்திருந்த வெளிச்சம் மெல்ல மெல்லப் போவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"நிஜமாவே நீங்கதானா சம்பந்தி? இல்ல, நான் பயப்படறேன்னு சொல்றீங்களா?"

"அய்யோ, நான்தாங்க! வாங்க, காட்டறேன்."

எழுந்து ஓடி, சாலையோரச் செடியில் கை வைத்தேன். காட்ட வேண்டும் என்று நினைத்துச் செய்யும்போது கை வரவில்லை. முற்றல் இலை காம்போடு பிய்ந்து வந்தது. மறுபடி கிள்ளினேன், மொட்டு நசுங்கியது. தோளுக்கு மேல் வீசினேன், காற்றில் என் தலையிலேயே விழுந்தது. கீழே இருந்த பையன்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இந்தக் கிழவிக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். நான் சுற்றுலாக்காரர்களைப் பார்த்துக் கத்துவேனே, அதே இடத்தில் நின்று செடியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"வேணாம் சம்பந்தி, விடுங்க" என்று அவர் வந்து என் தோளைத் தொட்டார். என் தலையிலிருந்து இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். "நீங்க சொன்னதே போதும். உங்களுக்கு நல்ல மனசு."

மறுநாள் பஸ் ஏறும்வரை நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவரும் தலையாட்டிக்கொண்டே இருந்தார். எந்த அளவு நம்பினார் என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் மகள் போன் செய்தாள். சம்பந்தியம்மாவுக்கு ஈப்போவில் மறதிக்கான பரிசோதனைக்கு நாள் கொடுத்திருக்கிறார்களாம், தனியாகப் போகப் பயப்படுகிறாராம். நான் கூடப் போகிறேன் என்றேன். முதலில் இன்னொரு முறை, எல்லாவற்றையும், கூடையிலிருந்து தொடங்கி அவளிடம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு போனைக் கையால் மூடிக்கொண்டு பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"பாருங்க, எங்கம்மா எவ்வளவு நல்லவங்கன்னு."